சக்கரத்தில் வரைந்த பூ

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தொடங்க முடியாது. ஏனென்றால் அந்தப் படிப்புதான் பதினான்கு பெண்களைக் கொல்லப் பார்த்தது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிப் பாசனம், நெல், வேறு பெரிய சங்கதி ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுவார். மற்ற எல்லாம் நான். விதை வாங்குவது, ஆள் சொல்வது, தாலுகா ஆபீசில் மனு எழுதி நிற்பது, கடைக்காரனிடம் சண்டை போடுவது, எல்லாம் நான்தான். அவர் வாயில் கொழுக்கட்டை. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்பது சொல்லுவேன், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். இப்படியே இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு டிரெய்லர் உண்டு. இரண்டு சக்கர டிரெய்லர். பதினோரு வருஷத்துக்கு முன் பழசாக வாங்கியது. நெல் மூட்டை, எரு, நாற்றுக்கட்டு, கல்யாணத்துக்குப் பாத்திரம், எல்லாம் அதில்தான் போகும். நடவு நாளில் காலையில் காலனியிலிருந்து நடவாட்கள் பதினான்கு பேரும் அதில்தான் வருவார்கள். டிரெய்லரில் ஆளை ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எங்கள் பக்கம் அந்த நேரத்துக்கு பஸ் இல்லை என்பது சட்டத்துக்குத் தெரியாது.

போன சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பின்போது நெல் மூட்டையோடு நடுரோட்டில் இரண்டு முறை பஞ்சர். டயர் இரண்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. பழைய டயரின் மேலேயே ரப்பர் ஒட்டி ஓட்டிக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர். அதிசயமாக அவர் வாய் திறந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஒட்டுப் போட்ட புடவையோடு ஊருக்குள் போக முடியாது என்று சொல்லி, அவரைக் காஞ்சிபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடையில் இருந்ததிலேயே கனமான டயரைக் கேட்டேன். பழையதைவிட நூல் அடுக்கு அதிகம், கூடுதல் பாரம் தாங்கும் என்று கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்து காட்டினார். டயரின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து. நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் படித்தேன். எவ்வளவு பாரம், எவ்வளவு காற்று, எல்லாம் போட்டிருந்தது. காற்று எழுபத்தைந்து பவுண்டு வரை பிடிக்கலாம் என்று இருந்ததை உரக்கப் படித்தேன். கடை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு டயரைப் படிக்கும் பொம்பளையை அவர்கள் பார்த்ததில்லை போலும். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

டயரை மாட்டுவதற்கு உத்திரமேரூர் எல்லையில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போனோம். கீற்றுக் கொட்டகை, ஒரு காற்று மிஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவர். சக்கரத்தின் இரும்புப் பகுதியை டிஸ்க் என்பார்கள். அதன் மேல் டயரை உட்கார வைத்து, டயர் கழன்று வராமல் இருக்க வெளிப்பக்கம் ஓர் இரும்பு வளையத்தைத் தட்டிப் பொருத்துவார்கள். அதுதான் ரிங். உள்ளே காற்று தள்ளும், வெளியே ரிங் தடுக்கும். சக்கரத்தின் உயிர் அந்த ரிங்கில்தான் இருக்கிறது.

ரிங்கைப் பொருத்திய பிறகு அவர் ஒரு கனத்த சங்கிலியை எடுத்து டிஸ்கின் ஓட்டை வழியாக விட்டு டயரோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். அப்புறம்தான் காற்றுக் குழாயைச் சொருகினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டார். ஏம்பா, டயர் ஓடிப்போயிடும்னு கட்டி வச்சிருக்கியா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மச்சான் ஒருவர் இதே வேலையில் இருந்தாராம். காற்றுப் பிடிக்கும்போது சக்கரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். ரிங் தெறித்து வந்து மார்பில் அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். இதை அவர் கதை மாதிரி சொல்லவில்லை. சங்கிலியை எதற்குக் கட்டுகிறேன் என்று கேட்டாயே, இதற்குத்தான் என்று சொல்லுவது போலச் சொன்னார்.

ஐம்பது பவுண்டில் காற்றை நிறுத்தினார். நான் விடுவேனா? டயரில் எழுபத்தைந்து என்று போட்டிருக்கிறது, படித்துக் காட்டட்டுமா என்றேன்.

"டயரு தாங்கும்மா, நான் இல்லன்னு சொல்லல. டிஸ்கு தாங்குமா? அது பழசு. இம்மாம் காத்து தான் புடிக்கணும்னு டிஸ்குலயும் நம்பரு அடிச்சிருப்பான். நீ அத்த பெயிண்டு அடிச்சி மூடி வெச்சிக்கீற. சொரண்டிப் பாத்துட்டு சொல்றேன், இரு."

சுரண்ட நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெயிண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மாடு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மாட்டை விற்றுத்தான் டிரெய்லர் வாங்கினோம். ஆனால் மாட்டுப் பொங்கல் மட்டும் வருஷம் தவறாமல் வந்து நிற்கிறதே, என்ன செய்வது? எங்கள் ஊரில் மாடு இல்லாத வீடுகளில் எல்லாம் டிராக்டருக்குத்தான் மாட்டுப் பொங்கல். கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்து, பலூன் கட்டுவார்கள். கொம்புக்கு அடிக்கிற பெயிண்டைச் சக்கரத்துக்கு அடிப்பார்கள். எங்கள் வீட்டில் அது என் வேலை. ஒரு வருஷம் சிவப்பு, ஒரு வருஷம் நீலம், அடுத்த வருஷம் பச்சை. பழைய பெயிண்டைச் சுரண்டும் வழக்கம் யாருக்கும் கிடையாது. கொம்பைச் சுரண்டிவிட்டா பெயிண்ட் அடிப்பார்கள்? அதன் மேலேயே அடிப்பதுதான். நான் ஒருபடி மேலே போய், போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையில் இதழ் வரைந்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பூவாக ஆக்கிவிடுவேன். உத்திரமேரூர் சந்தைக்கு டிரெய்லர் போனால் என் பூவைப் பார்த்தே இது யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பூவைத்தான் இந்த ஆள் உளியால் சுரண்டுகிறேன் என்கிறார். எனக்கு வந்ததே கோபம். படிக்காதவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை, டயரில் போட்டிருப்பதைச் செய் என்றேன். ஆமாம், படிக்காதவன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

எழுபது வரை பிடித்தார். அதற்கு மேல் என் கையால் பிடிக்க மாட்டேன், வேண்டுமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார். வழியில் பிள்ளையார் கோயில் முன்னால் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வீடு வந்தோம். கண் திருஷ்டிக்குப் பழம் நசுக்கினேன். கண்ணெதிரே ஒரு மனுஷன் சொன்ன சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது மார்கழியில் நடந்தது. பொங்கல் வந்தது. இந்த வருஷம் புது டயர் அல்லவா, மஞ்சள் பெயிண்டும் நல்ல வெள்ளையும் வாங்கி மாட்டுப் பொங்கலன்று காலை முழுக்க உட்கார்ந்து அடித்தேன். வலது சக்கரத்தில் இதழ் வரையும்போது ஒரு போல்ட்டின் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தூரிகைக்குத் தட்டுப்பட்டது. வளைந்து போகும் கோடு. இதழின் ஓரத்துக்குத் தோதாக இருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே வெள்ளையை இழுத்தேன். மற்ற இதழ்களைவிட அந்த இதழ் திருத்தமாக வந்தது.

மூன்றாம் நாள் நவரைப் பட்டத்து நடவு. ஏரித் தண்ணீர் தாமதமாகத் திறந்ததால் எங்களுக்கு இந்த வருஷம் நடவும் தாமதம். எங்கள் நிலம் பள்ளக்கால், சேறு அதிகம், நடவு மிஷின் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் கை நடவுதான். காலையில் பதினான்கு பேரையும் நாற்றுக்கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு டிராக்டர் குண்டும் குழியுமான ஏரிக்கரை மேல் ஆடி ஆடி வந்து சேர்ந்தது. அந்த ஆட்களுக்குத் தலைவியாக வருகிறவள் அறுபதை ஒட்டிய ஒரு பெண். இருபது வருஷமாக எங்கள் நிலத்தில் நடுகிறாள். வேகமாக நடுவாள், மெதுவாகப் பேசுவாள்.

எங்கள் வயலோரம் மரம் கிடையாது. ரோடு அகலம் செய்தபோது இருந்த இரண்டு புளிய மரமும் போய்விட்டன. அதனால் ஒன்பது மணிக்கு நாஷ்டாவுக்குக் கரையேறினால் எல்லாரும் டிரெய்லர் நிழலில்தான் ஒதுங்குவார்கள். சாய்ந்துகொள்ள வசதியான இடம் சக்கரம். தலைவிக்கு எப்போதும் இடது சக்கரம். அதில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி, தூக்கைத் திறந்து கஞ்சி குடிப்பாள். அவள் அங்கே உட்காருவாள் என்பதற்காகவே மற்றவர்கள் அந்த இடத்தை விட்டுவைப்பார்கள். அன்றைக்கும் காலையிலேயே அவளுடைய அலுமினியத் தூக்கை இடது சக்கரத்தின் நிழலில் வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்கினாள்.

ஒன்பது மணிக்கு ஏறி வந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு, கையில் சேறு, முதுகில் தெறித்த சேறு. மூன்று நாள் ஆன என் மஞ்சள் பூவை நோக்கி அந்தச் சேற்று முதுகுகள் வருவதைப் பார்த்தேன். கத்தினேன். அப்படியே வந்து சாய்ந்து பெயிண்டை நாசமாக்காதீர்கள், போய் மோட்டார் தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள் என்று நல்ல வார்த்தையில்லாமல்தான் சொன்னேன். மோட்டார் தொட்டி ஒரு வயல் தள்ளி இருக்கிறது. பசியோடு வந்தவர்களைத் திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வைத்தேன். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தலைவி தூக்கைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தொட்டியை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். நான் வரப்பில் நாற்றுக்கட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்லுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கல்குவாரியில் வெடி வைத்தால் தூரத்திலிருந்து கேட்போம். அதைப் பக்கத்தில் நின்று கேட்டது போல இருந்தது. காதுக்குள் ஒரே கொய்ங்கென்ற ஓசை. புழுதி. நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. புழுதி அடங்கினபோது டிரெய்லர் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. இடது சக்கரத்தில் டயர் தொங்கியது. ரிங்கைக் காணவில்லை.

ஆட்களை எண்ணினேன். தொட்டியருகே எல்லாரும் அப்படியே உறைந்து நின்றார்கள். ஒன்று, இரண்டு என்று விரலால் காட்டி எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். பதினான்கு. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினேன். பதினான்கு பேரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் டிராக்டரின் முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ரிங் எதிர் வரப்பில் கிடந்தது. பாதி மண்ணுக்குள் போயிருந்தது. போகிற வழியில் அது தூக்கின் மேல் பட்டிருக்கிறது. தூக்கு என்று அடையாளம் சொல்ல அதில் கைப்பிடி மட்டும்தான் மிச்சம். மற்றது தகடு. கஞ்சி வரப்பெல்லாம் சிதறியிருந்தது. அவள் உட்காரும் இடத்துக்கு நேராகத்தான் அந்தத் தூக்கு இருந்தது. கையெட்டும் தூரம்கூட இல்லை.

நான் பஞ்சர் கடைக்காரருக்குத்தான் போன் செய்தேன். ஏன் அவருக்கு என்று தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. இடது சக்கரம் வெடித்துவிட்டது, யாருக்கும் அடியில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னோரு சக்கரத்தாண்ட யார்னா நிக்கிறாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அதற்குள் எல்லாரும் ஓடி வந்திருந்தார்கள். சாய்ந்த டிரெய்லரை வேடிக்கை பார்க்க இடம் வசதியாக இருந்தது வலது பக்கம்தான். ஏழெட்டுப் பேர் அங்கே நின்றார்கள். ஒருத்தி படபடப்பு தாங்காமல் வலது சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே விட்டாள். அவளை எழுப்ப வேண்டாம் பாவம் என்று நினைத்து நான்தான் பார்த்தும் பேசாமல் இருந்தேன். அதே எழுபது பவுண்டு அந்தச் சக்கரத்திலும் இருந்தது.

"மொதல்ல அவங்கள வெரட்டு. அப்பால என்னாண்ட பேசு."

நான் விரட்டினேன். அப்படி ஒரு குரல் என் தொண்டையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பெயிண்டுக்காகக் கத்தினது ஒரு கத்தலே இல்லை. அவர்கள் பயந்துபோய் வயலுக்குள்ளேயே இறங்கி ஓடினார்கள், நட்டு வைத்த நாற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு.

அரை மணி நேரத்தில் அவர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். சக்கரத்துக்கு எதிரே வராமல் டிரெய்லரின் பின்பக்கமாகத் தவழ்ந்து போய், கையை மட்டும் நீட்டி வால்வைத் திருகிக் காற்றை இறக்கினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அது முழுவதும் அடங்கும் வரை யாரும் கிட்டே போகவில்லை. பிறகு அவர் ஒரு கம்பித் தூரிகையையும் உளியையும் எடுத்து வலது டிஸ்கைச் சுரண்ட ஆரம்பித்தார். இந்த முறை என்னிடம் உத்தரவு கேட்கவில்லை.

மஞ்சள் உதிர்ந்தது. அதன் கீழே பச்சை, அதன் கீழே சிவப்பு. இந்தச் சிவப்பு என் மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் அடித்தது. நீலம், அது மழையில்லாத வருஷம். பதினோரு பொங்கலும் செதில் செதிலாக வரப்பில் விழுந்தன. கடைசியில் இரும்பு தெரிந்தது. இரும்பில் ஆழமாக அடித்த எழுத்துகள் தெரிந்தன. அவர் என்னைக் கூப்பிட்டு, இப்போது படி என்பது போலத் தள்ளி நின்றார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படித்தேன். காற்று ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று டிஸ்க் செய்தவன் எல்லாரும் பார்க்கும்படிதான் அடித்து வைத்திருந்தான். நான்தான் பூவை வரைந்து மூடியிருந்தேன்.

அதோடு முடியவில்லை. போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல் ஓடியது. வளைந்து, அழகாக. அவர் நகத்தை விட்டுப் பார்த்தார், நகம் உள்ளே போயிற்று. அது எந்த இதழ் என்று எனக்குத் தெரியும். திருத்தமாக வந்தது என்று நான் பெருமைப்பட்ட அதே இதழ்தான். மூன்று நாளைக்கு முன் என் தூரிகை அந்த விரிசலின் மேல் போய் வந்திருக்கிறது. வெடித்தது இடது சக்கரம். அதற்கு முன்னால் இது வெடித்திருக்க வேண்டியது, ஏன் வெடிக்கவில்லை என்று அவருக்கே புரியவில்லை.

பூவை யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நல்லாத்தான் கீது," என்றார். உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று அவர் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அன்று சாயங்காலமே புது டிஸ்க் இரண்டுக்குச் சொல்லி அனுப்பினேன். கையில் பிடித்துப் பார்க்கிற காற்று மீட்டர் ஒன்றும் வாங்கினேன்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம் அதிகம். ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. நல்ல வேளை, அந்தம்மா எல்லாரையும் கழுவப் போகச் சொல்லிச்சு, இல்லாவிட்டால் பதினான்கு பொணம் விழுந்திருக்கும் என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றார்கள். அம்மனே என் நாக்கில் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள் என்று கோயில் பூசாரி சொன்னாராம். பால் சொசைட்டியில் நின்றால் வழிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. ஏதோ தோன்றியது, சொன்னேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமாக இருக்கிறேன் என்று அதற்கும் புகழ்ந்தார்கள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாடு போடும்போது மட்டும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில் தலைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சப்பை, அதில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் தெரிந்தது. நடவாட்கள் எல்லாரும் சேர்ந்து காலனி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், என்னையும் வரச் சொல்லிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். உயிர் தப்பினால் பொங்கல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை அவர்கள் கோயில் பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டதில்லை. நாங்களும் போனதில்லை.

அந்தத் தேங்காயைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கொல்லப் பார்த்தவளையே கோயிலுக்குக் கூப்பிடுகிறாளே! வாசல்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் சொன்னது, நான் அவரைப் படிக்காதவன் என்றது, ஐம்பதுக்கு எழுபது பிடிக்க வைத்தது, விரிசலின் மேல் இதழ் வரைந்தது, ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு உங்களைத் தொட்டிக்கு அனுப்பியது உங்கள் உயிருக்காக இல்லை, என் பெயிண்ட் அழுக்காகும் என்றுதான் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதிர்ச்சியடைவாள், என்னைத் திட்டுவாள், தேங்காயை வீசிவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவள் நான் அழுது முடிக்கும் வரை பொறுமையாக நின்றாள். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது பெயிண்டுக்கு சொன்னதுன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்மா," என்றாள். "எங்க முதுவு சேறு உனுக்கு எப்ப புடிச்சிக்கீது? தேங்கா அம்மனுக்குத்தான். உனுக்குன்னு யாரு சொன்னது?"

ஊர் முழுக்க என்னைத் தூக்கிவைத்துப் பேசிக்கொண்டிருந்த ஐந்து நாளும் இந்தப் பதினான்கு பேருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சக்கரம் வெடித்தபோதுகூட நான் இவ்வளவு ஆடிப்போகவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னாள். இருபது வருஷமாக இதைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் வயலில் நட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்கு மிச்ச நடவுக்கு வருவீர்களா என்று கேட்டேன். வருகிறோம், காற்று எவ்வளவு என்று ஏறும் முன்னால் எங்களுக்குக் காட்டிவிடு என்றாள். காட்டுகிறேன் என்றேன். உள்ளே ஓடிப்போய்ப் புது மீட்டரை எடுத்து வந்து, இதோ வாங்கிவிட்டேன், புது டிஸ்க்கும் வந்துவிட்டது என்று அவளிடம் நீட்டினேன். அவள் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி நடந்தாள். பிறகு நின்று, அப்போதுதான் ஞாபகம் வந்தது போலத் திரும்பினாள்.

"எனுக்கு ஒரு தூக்கு வாங்கிக் குடும்மா. அன்னிலேர்ந்து கஞ்சி எடுத்தார ஏனம் இல்ல."